வடவொளி காணச் செல்வோர் எங்கே தங்குவது?

விண்ணிலே தோன்றும் காட்சிகளுள் மிக்க வியப்பினை விளைப்பது, வடமுனையைச் சார்ந்த நாடுகளில் இராக்காலத்தே எழும் ஒளியாகும். பசுமையும் செம்மையும் ஊதாவுமாகிய நிறங்கள் திரைச்சீலை போலத் தொங்கியும், சுருண்டும், விரிந்தும், ஒரு கணத்தில் வானமெங்கும் பரந்தும், மறுகணத்தில் மறைந்தும் விளையாடும் அவ்வொளியை நாம் வடவொளி என வழங்குவோம். கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் ஐரோப்பாவுக்குச் சென்று வாழும் நம்மவர் தொகை இக்காலத்திற் பெருகியுள்ளது. அவருட் பலர், ஒரு குளிர்கால விடுமுறையிலேனும் அக்காட்சியைக் கண்டுவிட வேண்டுமென்று சிறிது சிறிதாகப் பணம் சேர்த்து வைக்கின்றனர்.

அங்ஙனம் விழைவோர் முதலிற் கேட்கும் கேள்வி, ‘எந்த ஊருக்குப் போவது?’ என்பது. அடுத்துக் கேட்பது, ‘அவ்வூரில் எங்கே தங்குவது?’ என்பது. இவ்விரண்டாவது கேள்விக்கு விடை கூறுவோர் எண்ணிறந்தவர். ஆயின் அவருட் பெரும்பாலார் அறைகளை வாடகைக்கு விடுவோராதலின், அவர் கூறும் விடை அவர்தம் அறையிலேயே வந்து முடிகின்றது. ஊருக்கு அப்பால், இருள் சூழ்ந்த தனியிடத்தில், கண்ணாடிக் கூரை வேய்ந்த குடிலொன்றிற் படுத்தவாறே வானத்தைப் பார்க்கலாம் என்று அவர் காட்டும் படம் எவர் உள்ளத்தையும் கவரும். எனினும், சேர்த்து வைத்த பொருளையெல்லாம் அத்தகைய ஓரிரவிற் செலவிடுவதினும், நகரின் நடுவே எளிய அறையொன்றிற் பல இரவு தங்குவதே அறிவுடைமை என்பது நமது கருத்து. அக்கருத்துக்குரிய காரணங்களை நார்வே நாட்டுத் துரோம்சோ நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

துரோம்சோ, வட அகலக்கோடு 69 பாகைக்கு மேல், துருவ வட்டத்துக்கு அப்பால் அமைந்த துறைமுக நகரம். நகரின் நடுப்பகுதி துரோம்சோயா என்னும் சிறு தீவின் கீழ்க்கரையில் உள்ளது. கிழக்கே, 1960-ஆம் ஆண்டிற் திறக்கப்பெற்ற 1,036 மீட்டர் நீளமுள்ள பாலம் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கின்றது. மேற்கே, 1974-இல் அமைந்த மற்றொரு பாலம் குவாலோயா என்னும் பெருந்தீவுக்குச் செல்கின்றது. விமான நிலையமும் தீவின் மேல்கரையிலேயே, நடுநகரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றது. வெப்பமான கடல் நீரோட்டம் கரையைத் தழுவிச் செல்லுதலின், இத்துணை வடக்கே இருந்தும் துறைமுகம் உறைவதில்லை. நவம்பர் மாத இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை ஆங்குக் கதிரவன் அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. நண்பகலிற் சில மணி நேரம் நீல நிறமான மங்கல் வெளிச்சம் மட்டுமே உண்டு. செப்டம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை வடவொளி காண ஏற்ற இருள் இருக்கும். கோடையில் நள்ளிரவிலும் கதிரவன் காய்வதால் ஒளி எழுந்தாலும் கண்ணுக்குப் புலனாகாது.

தங்குமிடத்தைப் பற்றி முடிவு செய்யுமுன், அவ்வொளி எங்கே எழுகின்றதென்பதை அறிதல் வேண்டும். கதிரவனிடமிருந்து ஓயாது வெளிப்படும் மின்துகள்கள் பூமியின் காந்த மண்டலத்தைத் தாக்குகின்றன. அத்தாக்குதலால் வலிமை பெற்ற மின்துகள்கள் அம்மண்டலத்தினின்று முனைகளைச் சூழ்ந்த வளையம் போன்ற பகுதியில் இறங்கி, மேல்வானத்து அணுக்களை மோதி ஒளிரச் செய்கின்றன. பிராணவாயு பச்சையும் சிவப்பும் தருகின்றது; நைட்ரஜன் நீலமும் ஊதாவும் தருகின்றது. நார்வே நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் பிர்க்கலண்டு (1867–1917) என்பார், காற்றை அகற்றிய பெட்டகத்துள் காந்தமேற்றிய உருண்டையொன்றை வைத்து மின்துகள்களைச் செலுத்தி, அவ்வுருண்டையின் முனைகளைச் சூழ ஒளி தோன்றுவதைக் கண்கூடாகக் காட்டினார். அவர் நாட்டினரான கார்ல் ஸ்டோர்மர் 1910-ஆம் ஆண்டில் வட நார்வேயில் ஒன்றற்கொன்று தொலைவான இடங்களிலிருந்து ஒரே நேரத்திற் புகைப்படமெடுத்து, ஒளியின் உயரத்தைக் கணக்கிட்டார். அது பெரும்பாலும் 100 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலேயே எழுகின்றதென்பது அத்தகைய அளவைகளால் உறுதியாயிற்று.

இந்த 100 கிலோமீட்டர் என்னும் எண்ணை மாணவர் நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். தங்குமிடத்தைப் பற்றிய மயக்கங்கள் பல இவ்வொரு கணக்கினாலேயே தெளியும். நேர்மேலே 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளி எழுகின்றதென்று கொள்வோம். நாம் 10 கிலோமீட்டர் தள்ளிப் போனால், அது வானத்தில் ஏறக்குறைய 6 பாகை மட்டுமே இடம் மாறித் தோன்றும். கையை நீட்டிப் பிடித்து நோக்கின், அது மூன்று விரல் அகலத்தினும் சற்றே மிகுதியாகும். ஆகவே நகரின் நடுவில் நிற்பவனுக்கும், வெளியே குடிலிற் படுத்திருப்பவனுக்கும் ஒளி ஒரே தொலைவில்தான் இருக்கின்றது. காசு கொடுத்து அதனை அணுக இயலாது.

அங்ஙனமாயின் இடத்துக்கு இடம் வேறுபடுவன யாவை? மேகம், விளக்கு வெளிச்சம், கண்ணுக்கெட்டும் வானத்தின் பரப்பு என்னும் மூன்றே. இவற்றுள் மேகமே தலையாயது. மேகங்கள் ஒளிக்கு மிகக் கீழே, பத்துக் கிலோமீட்டர் உயரத்துக்குள்ளேயே திரிவன. அவை மூடியிருப்பின் மேலே எத்துணைப் பெரிய ஒளி எழுந்தாலும் நமக்குப் பயனில்லை. துரோம்சோ கடற்கரை நகராதலின் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழையும் பனியும் பெறுகின்றது. மலைகளுக்கு அப்பால் சுவீடன் நாட்டில் உள்ள அபிஸ்கோ என்னும் சிற்றூரோ மழைமறைவிடமாதலின் அதில் மூன்றிலொரு பங்களவே பெறுகின்றது. ஆதலால் துரோம்சோவில் ஓரிரவு வானம் மூடியிருத்தல் வியப்பன்று. ஊருக்கு வெளியே 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குடிலும் பெரும்பாலும் அதே மேகத்தின் கீழேயே இருக்கும். அப்பொழுது கண்ணாடிக் கூரையின் வழியாகக் காணக் கிடைப்பது மேகத்தின் அடிப்புறமும், கூரைமேல் விழுந்த பனியுமேயாம்.

இதனைக் கணிதத்தாற் காட்டுவோம். ஓரிரவில் ஒளி காணும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்று பேச்சுக்காக வைத்துக்கொள்வோம். ஓரிரவே தங்குபவன் ஏமாறும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. மூன்று இரவு தங்குபவன் மூன்றிலும் ஏமாறும் வாய்ப்பு 27-இல் 8; அஃதாவது பத்துக்கு ஏழு முறை அவன் காண்பான். ஐந்து இரவு தங்கின் ஏமாறும் வாய்ப்பு 243-இல் 32 ஆகக் குறையும். நூற்றுக்கு 87 முறை காண்பான். அடுத்தடுத்த இரவுகளின் வானிலை ஒன்றையொன்று ஒட்டியிருப்பதுண்டாதலின், உண்மையிற் பயன் இதனினும் சிறிது குறையலாம். எனினும் கணக்கின் போக்கு மாறாது. வாய்ப்பைப் பெருக்குவது அறையின் அழகன்று, இரவுகளின் எண்ணிக்கையே. கண்ணாடிக் குடிலின் ஓரிரவு வாடகை, பல சமயங்களில் நகரத்து எளிய அறையின் இரண்டு மூன்று இரவுகளுக்குப் போதுமானதாயிருக்கின்றது. கையிலுள்ள பொருளை எங்ஙனம் செலவிட வேண்டுமென்பது இதனால் விளங்கும்.

இனி விளக்கு வெளிச்சத்தைப் பற்றிக் கூறுவோம். நகரத்து விளக்குகள் மெல்லிய ஒளியை மறைத்துவிடுமென்பது உண்மையே. ஆயின் ஒளி வலிதாய் எழும் இரவில், துரோம்சோவின் கடைத்தெருவில் நின்றே அதனைக் காணலாம். மெல்லிய ஒளியையும் காண விழைவோர் செய்ய வேண்டியது தங்குமிடத்தை மாற்றுவதன்று. சிறிது தூரம் நடப்பதே. தீவின் நடுமேட்டிற் பிரெஸ்ட்வன்னெட் என்னும் ஏரி உண்டு. அது நகரின் நடுவிலிருந்து ஏறக்குறைய அரைமணி நேர ஏற்றம். தீவின் தென்முனையில் தெலிகிராஃப்புக்தா என்னும் கடற்கரை உண்டு. கடலும் எதிர்க்கரை மலைகளும் சூழ்ந்த அவ்விடத்தில் வானம் விரிந்து தோன்றும். பாலத்துக்கு அப்பால், 1961 முதல் இயங்கும் தொங்கூர்தி ஒன்று 421 மீட்டர் உயரமுள்ள மலைமுகட்டுக்கு முன்னிரவிலும் மக்களை ஏற்றிச் செல்கின்றது. இவ்விடங்களுக்கெல்லாம் நடுநகரிலிருந்து நடந்தோ பஸ்ஸிலோ போய் வரலாம். எங்கே நின்றாலும் கண்கள் இருளுக்குப் பழகுவதற்கு இருபது அல்லது முப்பது நிமிடங்கள் ஆகும். அந்நேரத்திற் கைப்பேசியின் வெளிச்சத்தைப் பார்ப்பவன், சென்ற பயனைத் தானே கெடுத்துக்கொள்கின்றான்.

அறையின் சன்னல் வடக்கு நோக்கியிருத்தல் வேண்டும் என்று கூறி, அதற்கென மிகுந்த வாடகை கேட்பாரும் உளர். வடவொளியைத் தெற்கேயுள்ள ஊர்களிலிருந்து பார்ப்பவர்க்கே இவ்வறிவுரை பொருந்தும். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 10, 11 தேதிகளின் இரவில் எழுந்த பெரும் காந்தப் புயலின்போது, நம் நாட்டு லடாக்கிலுள்ள ஹான்லே வானாராய்ச்சி நிலையத்துக் காமிராக்கள் வட அடிவானத்தில் ஒரு செந்நிறப் பூச்சினைப் பதிவு செய்தன. அத்துணைத் தெற்கிலிருந்து காண்பவர்க்கு ஒளியின் மேல் விளிம்பு மட்டுமே, அதுவும் வடக்கிலே மட்டுமே தென்படும். துரோம்சோவோ ஒளிவளையத்தின் நேர் கீழேயே இருக்கின்றது. ஆங்கு ஒளி வடக்கில் எழுந்து தலைக்கு மேலே வளைந்து செல்வதும் உண்டு. புயல் மிக்க இரவிற் தெற்கே தோன்றுவதும் உண்டு. ஆதலால் எத்திசை நோக்கிய சன்னலும் வானத்தில் ஒரு துண்டையே காட்டும். அன்றியும் அறை விளக்கின் நிழல் சன்னற் கண்ணாடியிற் படிந்து அத்துண்டையும் மறைக்கும். சன்னலுக்குக் கொடுக்கும் பணத்தைக் கம்பளிக் காலுறைக்கும் கையுறைக்கும் கொடுத்தல் நன்று.

தங்குமிடம் நகரின் நடுவே இருத்தல் வேண்டும் என்பதற்கு மற்றொரு வலிய காரணம் உண்டு. கடற்கரையில் மேகம் மூடிய இரவிலும், மலைகளுக்கு அப்பால் உள்நாட்டில் வானம் தெளிந்திருப்பது உண்டு. லிங்கன் மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள ஷிபோட்ன் பள்ளத்தாக்கும், பின்லாந்து எல்லையிலுள்ள கில்பிஸ்யார்வியும் அத்தகைய இடங்கள். மேகத்தின் போக்கறிந்து அங்கெல்லாம் பிரயாணிகளை அழைத்துச் செல்லும் வண்டிகள் பெரும்பாலும் நடுநகரிலிருந்தே மாலையிற் புறப்படுகின்றன. ஆகவே மேகத்தை விட்டு விலகிச் செல்லும் வாய்ப்பு நடுநகரில் தங்கியவனுக்கு எளிதில் உண்டு. தனிக் குடிலில் தங்கியவனோ தனக்கென மோட்டார் வண்டி இல்லையாயின் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியவனாகின்றான்.

‘வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தி நாமே ஓட்டிச் செல்வோமே’ எனின், நம்மவர் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். நாம் சாலையின் இடப்புறம் செல்லும் பழக்கமுடையோம். நார்வேயில் வலப்புறம் செல்லல் வேண்டும். சாலை பனிக்கட்டியால் வழுக்கும், நள்ளிரவு, மான் இனங்கள் குறுக்கே வரும், ஓட்டுபவன் கண்ணோ சாலையை விட்டு வானத்தை நாடும். பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவன் இவற்றை ஒருங்கே மேற்கொள்ளுதல் துணிவன்று, பேதைமையேயாம். அவனோடு வண்டியிலுள்ளோர் உயிரும் எதிரே வருவோர் உயிரும் அவன் கையில் உள்ளன அல்லவா?

நடுநகரிலும் எத்தகைய இடம் தகுதியானது? துறைமுகத்தை ஒட்டிய தாழ்ந்த பகுதி சமதளமானது. அதனின்று மேற்கே செல்லுந்தோறும் தெருக்கள் ஏற்றமாகும். பனி உறைந்து கண்ணாடி போலான ஏற்றத்தில் மூட்டை முடிச்சுகளோடு நடத்தல் எளிதன்று. ஆதலால் பஸ் நிற்குமிடத்துக்கு அண்மையில், சமதளத்தில், சமைத்துண்ணும் வசதியுள்ள அறையைத் தேடுதல் நலம். நார்வேயில் உணவு விடுதிகளிற் கொடுக்கும் விலை மிகுதி. கடையிற் பொருள் வாங்கித் தானே சமைப்பவன், அந்த மிச்சத்தால் இன்னும் ஓரிரவு தங்கலாம். காலணியின் அடியிற் பூட்டிக்கொள்ளும் இரும்புப் பற்களை அவ்வூரார் குளிர்காலத்தில் வழக்கமாக அணிவர். அவற்றை வந்திறங்கிய அன்றே வாங்கிக்கொள்ளல் வேண்டும்.

நமது கருத்துக்கு விலக்கு இல்லாமல் இல்லை. இரவில் வெளியே நடக்கவியலாத முதியோரையும், குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்வோர்க்குச் சன்னலருகே இருந்து பார்க்கும் வசதி பெரிதே. பனிச்சாலையில் ஓட்டிப் பழகியோரும், ஒரு கிழமைக்கு மேல் தங்கும் அவகாசமுடையோரும் குவாலோயாவின் கடற்கரைச் சிற்றூர்களில் தங்குவார்களாயின் அமைதியும் இருளும் பெறுவர். பொருட்குறை இல்லாதார் எங்குத் தங்கினும் நமக்குத் தடையில்லை. நாம் கூறுவது, உழைத்துச் சேர்த்த சிறு தொகையோடு முதன்முறையாகச் செல்லும் இளைஞர்க்கே.

இறுதியாக ஒன்று. இது நம் கல்லூரி விடுதிகளில் வாழ்ந்தோர் உள்ளத்திற் தைக்க வேண்டியது. துரோம்சோவில் 1968-இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. அதனிற் பயிலும் மாணவர் பலர் வாடகை அறைகளையே நம்பி வாழ்கின்றனர். வடவொளி காண வருவோர் தொகை பெருகவே, குடியிருப்பு வீடுகள் பல சில நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. அதனால் ஊரார்க்கும் மாணவர்க்கும் வீடு கிடைப்பது அரிதாகின்றது என்ற முறையீடு அந்நகரில் எழுந்துள்ளது. நாம் தங்கும் அறை, ஆண்டு முழுவதும் ஒரு மாணவன் குடியிருந்திருக்கக்கூடிய அறையாயிருத்தல் தகுமோ? பிரயாணிகளுக்கென்றே கட்டப்பெற்ற ஹோட்டலிலோ, இளைஞர் விடுதியிலோ தங்குவோமாயின் அக்குறை நம்மைச் சாராது. ஒரு குடும்பம் தான் வாழும் வீட்டில் மிகுந்துள்ள ஓர் அறையைக் கொடுக்குமாயின் அதனை ஏற்பதிலும் தவறில்லை. விருந்தினராய்ச் செல்லும் நாம் விருந்தளிப்போர்க்குச் சுமையாகாதிருத்தல் நம் தமிழ்ப் பண்புக்கும், பிறனைத் தன்னைப் போல் நேசிக்கக் கற்பிக்கும் நம் கல்லூரியின் மரபுக்கும் ஏற்றதாகும்.

ஆகவே, செல்ல விழையும் இளைஞர், விடுமுறை நாட்களை எண்ணி முதலில் இரவுகளின் தொகையைத் தீர்மானிப்பாராக. நான்கு அல்லது ஐந்து இரவுகள் கிடைக்குமாயின் நன்று. பின்னர் அத்தனை இரவுகளுக்கும் கையிலுள்ள பொருள் போதுமாறு நடுநகரில் எளிய அறையொன்றைத் தேடுவாராக. நாள்தோறும் மாலையில் மேகப் படத்தைப் பார்த்து, ஏரிக்கரையோ, கடற்கரையோ, மலைக்கப்பாலுள்ள பள்ளத்தாக்கோ எதுவென்று முடிவு செய்து, மாலை 6 மணி முதல் நள்ளிரவு கடந்து 1 மணி வரை பொறுத்திருப்பாராக. அவ்வளவும் செய்த பின்னும் காணாது திரும்புதல் கூடும். ஒளி எவர்க்கும் கூலிக்கு வருவதன்று. நாம் வாடகை கொடுத்துப் பெறுவது கூரையையும் படுக்கையையும் மட்டுமே. அதனை அறிந்து செல்பவன் கண்டால் மகிழ்வான். காணாவிடினும் கடன்படாது வீடு திரும்புவான்.